பாப்லர்: 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போன ஊர்

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் லண்டனிலிருந்து ஒரு போன். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "டீச்சர், நல்லா இருக்கீங்களா, கால் வலி எப்படி இருக்கு" என்று எல்லாம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள்.

"டீச்சர், வீட்டுக்கு ஓட்டுக் கார்டு வந்திருக்கு. இங்கே கவுன்சில் எலெக்‌ஷனாம். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனா எனக்கும் ஓட்டு உண்டாம். குப்பை அள்ளுறதுக்கும் தெரு விளக்குக்கும் ஒரு எலெக்‌ஷன். யாரு டீச்சர் போவா?"

"நீ எந்த இடத்தில் இருக்கே?" என்று கேட்டேன்.

"பாப்லர் டீச்சர். கிழக்கு லண்டன். லான்ஸ்பரி எஸ்டேட்னு ஒரு குடியிருப்பு."

"லான்ஸ்பரி யாருன்னு தெரியுமா?"

"வீடு கட்டின கம்பெனி பேரா இருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. குற்றம் அவள் மேல் இல்லை. நானே வகுப்பில் இங்கிலாந்து என்றால் மாக்னா கார்ட்டா, நாடாளுமன்றம், விக்டோரியா மகாராணி என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, ஒரு கவுன்சிலைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பாக்கியைத்தான் இன்று இங்கே தீர்க்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. பாப்லர் என்பது தேம்ஸ் நதி வளைந்து போகும் இடத்தில், கப்பல் துறைகளை ஒட்டி வளர்ந்த பகுதி. நமக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கட்டப்பட்டதும் புறப்பட்டதும் அங்கே உள்ள பிளாக்வால் துறையிலிருந்துதான். 1806-இல் திறந்த ஈஸ்ட் இந்தியா டாக் அந்தப் பகுதியில்தான் இருந்தது. இன்னொரு வேடிக்கை: அதே கம்பெனி 1688-இல் நம் சென்னைக்கு மேயர், ஆல்டர்மேன் எல்லாம் வைத்து மாநகராட்சி அமைத்துவிட்டது. (மக்கள் ஓட்டுப் போட்டு அல்ல, கம்பெனி வைத்தது.) பாப்லருக்கு ஒரு மேயர் வந்தது 1900-இல்தான்.

ஏன் அவ்வளவு தாமதம்? இங்கிலாந்தில் நகரசபைகளைச் சீர்திருத்திய பெரிய சட்டம் 1835-இல் வந்தது. அதற்கு முன் பல ஊர்களில் நகரசபை என்பது சில குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே ஆள் எடுத்துக்கொள்ளும் சங்கம் மாதிரி இருந்தது. 1835 சட்டம் 178 ஊர்களில் வரி கட்டுகிறவர்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஆனால் லண்டனை அதில் சேர்க்கவில்லை. லண்டன் பகுதிகளைக் கோயில் வட்டச் சபைகளும் பிறகு மாவட்டப் பணிச் சபைகளும் பார்த்துக்கொண்டன. 1899-இல் வந்த லண்டன் ஆட்சிச் சட்டம்தான் லண்டனை 28 பரோக்களாகப் பிரித்தது. பரோ என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பவ், புரோம்லி, பாப்லர் என்ற மூன்று வட்டங்கள் சேர்ந்து பாப்லர் பரோ ஆயிற்று. முதல் தேர்தல் 1900 நவம்பர் 1.

அப்போது ஓட்டு யாருக்கு? இதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டு வரிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. இங்கிலாந்தில் 1869 முதலே தன் பெயரில் வரி கட்டும் பெண்கள் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் 1872-இல் நீதிமன்றம், கல்யாணமான பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. விதவைக்கும் கல்யாணம் ஆகாதவளுக்கும் ஓட்டு உண்டு, புருஷன் உள்ளவளுக்கு இல்லை! வேட்பாளராக நிற்கும் உரிமை இன்னும் மோசம். பழைய வட்டச் சபைகளில் பெண்கள் உறுப்பினராக இருந்தார்கள். புதுப் பரோ கவுன்சில்களில் அந்த இடத்தையும் பறித்துவிட்டார்கள். 1907-இல்தான் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு கொடுமை: ஏழைகளுக்கான உதவி வாங்கினால் ஓட்டுரிமை போய்விடும். வேலை போய், பிள்ளைக்கு ரொட்டி வேண்டும் என்று கை நீட்டினால், அந்த ரொட்டியோடு சேர்ந்து உங்கள் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருந்து போய்விடும்.

பாப்லரில் இந்த நிலைமை சாதாரணம். கப்பல் துறை வேலை தினக்கூலி. காலையில் வாசலில் நிற்க வேண்டும், மேஸ்திரி கை காட்டுகிறவனுக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும். தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தத் தொழிற்சாலை இருந்ததும் இந்தப் பவ் பகுதியில்தான்.

இந்த மண்ணிலிருந்து வந்தவர் வில் குரூக்ஸ். சிறுவயதில் வறுமையால் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். பீப்பாய் செய்யும் தொழிலாளி. பெரியவர் ஆனதும் அந்த விடுதியை நிர்வகிக்கும் ஏழைகள் நலச் சபைக்கே உறுப்பினராகி, பிறகு தலைவரும் ஆனார். 1901-இல் பாப்லர் மேயர். லண்டனில் தொழிலாளர் தரப்பிலிருந்து மேயர் ஆன முதல் ஆள் அவர்தான். தான் சாப்பிட்ட அதே விடுதியின் கஞ்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. உள்ளாட்சி என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

குரூக்ஸோடு வேலை செய்தவர்தான் ஜார்ஜ் லான்ஸ்பரி. என் மாணவி குடியிருக்கும் எஸ்டேட்டின் பெயருக்கு உரியவர். 1910-இல் பவ், புரோம்லி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1912-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்பதற்காகவே பதவியை விட்டு விலகி, மறுபடி தேர்தலில் நின்றார். தோற்றார். கிடைத்த பதவியைக் கொள்கைக்காக விட்டுத் தோற்ற ஆள் என்று ஊர் அவரைப் பார்த்தது.

இனி முக்கியமான கட்டம். முதல் உலகப்போர் காரணமாக 1912-க்குப் பிறகு பரோ தேர்தல் நடக்கவில்லை. 1918-இல் புதுச் சட்டம் வந்தது. வாடகைக்குக் குடியிருக்கும் பலருக்கு ஓட்டு வந்தது. அப்படி ஓட்டு உள்ளவர்களின் மனைவிகளுக்கும், 30 வயது ஆகியிருந்தால், ஓட்டு வந்தது. ஏழை உதவி வாங்கினால் ஓட்டு போகும் என்ற விதியும் நீங்கியது. 1919 நவம்பரில் தேர்தல். பாப்லரில் மொத்தம் 42 இடம். தொழிற்கட்சி 39 இடங்களைப் பிடித்தது! லான்ஸ்பரி மேயர் ஆனார்.

ஓட்டுரிமை யாருக்கு என்பது மாறியதும், கவுன்சிலில் உட்காருகிறவர்களும் மாறிவிட்டார்கள். கப்பல்துறைக் கூலிகள், ரயில்வே தொழிலாளர்கள், வீட்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்த்த பெண்கள். இவர்கள்தான் கவுன்சிலர்கள்.

அவர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மின்னி லான்ஸ்பரி. லான்ஸ்பரியின் மருமகள். ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட ஆசிரியை. பெண்கள் வாக்குரிமை இயக்கத்துக்காக வாத்தியார் வேலையை விட்டவர். 1919-இல் ஆல்டர்மேன் ஆனார். ஆல்டர்மேன் என்றால், மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர். 42 கவுன்சிலருக்கு 7 ஆல்டர்மேன் என்பது பாப்லர் கணக்கு.

புதுக் கவுன்சில் சும்மா இருக்கவில்லை. தாய் சேய் நலத்துக்கும், பாலுக்கும், காசநோய்க்கும், குளியல் நிலையங்களுக்கும், நூலகங்களுக்கும் செலவு செய்தது. கவுன்சில் ஊழியர்களுக்கு வாரம் 4 பவுண்ட் குறைந்தபட்சக் கூலி. ஆணுக்கும் அதே 4, பெண்ணுக்கும் அதே 4. நூறு வருஷத்துக்கு முன்னால்! இன்றைக்கும் நம் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஆனால் பணம்? இங்கேதான் சிக்கல். கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

இரண்டு ஊர் இருக்கிறது என்று வையுங்கள். பணக்கார ஊரில் எல்லா வீடுகளின் மதிப்பும் சேர்ந்து 1,00,000. அங்கே உதவி வேண்டிய ஏழைகள் 10 பேர். ஆளுக்கு 100 கொடுக்க வேண்டும் என்றால் செலவு 1,000. வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 1 வரி போட்டால் போதும். ஏழை ஊரில் வீடுகளின் மதிப்பு மொத்தம் 10,000. ஏழைகள் 50 பேர். செலவு 5,000. நூற்றுக்கு 50 வரி போட வேண்டும்! எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் லண்டனில் நடந்தது இதுதான். அந்தந்த ஊர் ஏழைகளை அந்தந்த ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி பணக்காரப் பரோவில் ஒரு பென்னி வரியில் கிடைக்கும் தொகை, பாப்லரில் கிடைப்பதைப்போல் பல மடங்கு. அங்கே ஏழையும் குறைவு. பாப்லரில் வேலையில்லாதவனுக்கு உதவும் பணத்தை, நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத பக்கத்து வீட்டுக்காரன்தான் கட்ட வேண்டும்.

1920 கடைசியிலிருந்து வேலையின்மை கடுமையாக ஏறியது. வரியை ஏற்றினால் மக்கள் தாங்க மாட்டார்கள். உதவியைக் குறைத்தால் பட்டினி. கவுன்சில் மூன்றாவதாக ஒரு வழி எடுத்தது. ஒவ்வொரு பரோவும் தன் மக்களிடம் வரி வசூலித்து, லண்டன் கவுண்டி கவுன்சில், பெருநகரப் போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய ஆசிலம் வாரியம் என்ற நான்கு பொது அமைப்புகளுக்கும் பங்கு கட்ட வேண்டும். 1921 மார்ச்சில் பாப்லர் கவுன்சில், இந்த நான்கு பங்கையும் வசூலிக்கவே மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. லண்டன் முழுவதுக்கும் போலீசும் தண்ணீரும் பொது என்றால், லண்டன் ஏழைகளும் பொதுதானே? அந்தச் செலவையும் எல்லாப் பரோக்களும் பகிர்ந்துகொள்ளட்டும், பிறகு கட்டுகிறோம். இதுதான் அவர்கள் கேட்டது.

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29 அன்று கவுன்சிலர்கள் வண்டி ஏறிப் போகவில்லை. பாப்லரிலிருந்து உயர்நீதிமன்றம் வரை சுமார் 5 மைல் நடந்தே போனார்கள். முன்னால் மேளமும் செங்கோல் தாங்கியும். மேயர் சாம் மார்ச் கழுத்தில் பதவிச் சங்கிலி. பின்னால் ஊர் ஜனம். நீதிமன்றத்துக்குப் போகிறோம், ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்று பேனரிலேயே எழுதியிருந்தார்கள்.

நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொன்னது. கட்டவில்லை. செப்டம்பர் முதல் கைது ஆரம்பித்தது. 30 பேர் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில். மின்னி லான்ஸ்பரி, சூசன் லாரன்ஸ், ஜூலியா ஸ்கர், நெல்லி கிரெசல் உள்ளிட்ட பெண்கள் ஹாலோவே சிறையில். நெல்லி கிரெசல் அப்போது நிறைமாத கர்ப்பிணி. அதனால் அவரை மற்றவர்களுக்கு முன்பே விட்டுவிட்டார்கள்.

சிறையில் என்ன செய்தார்கள்? கவுன்சில் கூட்டம் நடத்தினார்கள்! நாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில், எங்கள் வேலை நிற்கக் கூடாது என்று வாதாடி அனுமதி வாங்கினார்கள். ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வாடகைக் காரில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்து கூட்டம் நடந்தது. மொத்தம் 32 கூட்டங்கள். மாலை நேரத்தில் சிறைச் சுவருக்கு வெளியே ஜனம் கூடும். லான்ஸ்பரி ஜன்னல் கம்பி வழியாகப் பேசுவார்.

பக்கத்துப் பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் நாங்களும் கட்ட மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. அரசு இறங்கி வந்தது. அக்டோபர் 12 அன்று எல்லோரும் விடுதலை. அந்த வருஷமே சட்டம் வந்தது. ஏழை உதவிச் செலவில் பெரும் பங்கை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஆயிற்று. பணக்காரப் பரோக்கள் தங்கள் பங்கைக் கட்டத் தொடங்கின.

ஆனால் ஒரு விலை கொடுத்தார்கள். சிறையிலிருந்து வந்த மின்னி லான்ஸ்பரிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. காய்ச்சல் நிமோனியாவாகி, 1922 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். வயது 32. பவ் சாலையில் ஒரு கட்டடத்தின் மேல் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் எத்தனையோ பேர், மணி பார்த்துக்கொண்டு போகிறார்கள். என் மாணவியும் பார்த்திருப்பாள்.

நான் இதைச் சொல்லும்போது உங்களில் சிலர் கேட்பீர்கள்: "டீச்சர், சட்டத்தை மீறச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. அப்போதே அவர்கள் கட்சிக்குள் இந்தக் கேள்வி இருந்தது. பக்கத்து ஹாக்னி பரோவின் மேயரும் பிற்காலத்தில் பெரிய அமைச்சருமான ஹெர்பர்ட் மாரிசன், இந்த வழி தவறு, சட்டப்படி ஆட்சி நடத்திக் காட்டினால்தான் மக்கள் நம்புவார்கள் என்று எதிர்த்தார். நீதிமன்றமும் பிறகு விடவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் 4 பவுண்ட் கூலி கொடுத்தது பொதுப்பணத்தை முறையில்லாமல் செலவழித்தது என்று தணிக்கை அதிகாரி 5,000 பவுண்டைக் கவுன்சிலர்கள் தலையில் கட்டினார். வழக்கு மேல்முறையீடு வரை போய், 1925-இல் பிரபுக்கள் சபை தணிக்கை அதிகாரி பக்கம் தீர்ப்பளித்தது. சமத்துவக் கொள்கையும் பெண் உரிமையும் கவுன்சில் கணக்கில் வரக் கூடாது என்ற தோரணையில் இருந்தது தீர்ப்பு. இன்றும் இங்கிலாந்துச் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அவர்கள் ஒளிந்து மீறவில்லை. செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லி, ஊரறிய நடந்துபோய், தண்டனையை ஏற்றுக்கொண்டார்கள். நமக்கு இந்த முறை புதிதல்ல. அதற்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது. 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தியடிகள், பெரிய ஹோட்டலில் தங்க மறுத்து, இந்தப் பகுதியில் உள்ள கிங்ஸ்லி ஹாலில்தான் தங்கினார். அதை நடத்திய மூரியல் லெஸ்டர் அம்மையார் 1920-களில் பாப்லர் கவுன்சிலில் ஆல்டர்மேனாக இருந்தவர். தாய் சேய் நலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

லான்ஸ்பரி 1932 முதல் 1935 வரை தொழிற்கட்சிக்கே தலைவராக இருந்தார். கர்ப்பிணியாகச் சிறை போன நெல்லி கிரெசல் 1943-இல் பாப்லரின் மேயர் ஆனார். போரில் குண்டு விழுந்து நாசமான இடத்தில் 1949-இல் கட்டத் தொடங்கிய குடியிருப்புக்குத்தான் லான்ஸ்பரி எஸ்டேட் என்று பெயர் வைத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் சரித்திரம் அழகான இடத்தில் நிற்காது.

1919-இல் வந்த தொழிற்கட்சி, பாப்லர் பரோ இருந்த கடைசி நாள் வரை தோற்கவே இல்லை. 1964-இல் நடந்த தேர்தலோடு பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் என்ற பெரிய பரோவாகி, 1965 ஏப்ரல் 1 முதல் செயல்பட்டது. அங்கேயும் அதே கட்சிதான். யார் ஜெயிப்பார்கள் என்பது முன்பே தெரிந்த தேர்தலில் என்ன ஆகும்? மக்கள் வர மாட்டார்கள். மக்கள் வராவிட்டால் கவுன்சிலருக்கும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981-இல் அந்த இடங்களை மேம்படுத்த அரசு ஒரு கழகத்தை நியமித்தது. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அமைப்பு அல்ல அது. கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. பக்கத்திலேயே வீடு கிடைக்காமல் குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

1986-இல் லிபரல் கூட்டணி சொற்ப வித்தியாசத்தில் கவுன்சிலைப் பிடித்தது. வீடு யாருக்கு என்ற சண்டை தீரவில்லை. வங்கதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களால்தான் வீடு கிடைக்கவில்லை என்று தூண்டிவிடுகிறவர்களுக்கு அது வசதியாயிற்று. 1993 செப்டம்பர் 16, மில்வால் வார்டில் ஓர் இடைத்தேர்தல். பிஎன்பி என்ற இனவெறிக் கட்சியின் வேட்பாளர் ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு? 7 ஓட்டு. வெறும் 7! அந்த வார்டில் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

எட்டு மாதம் கழித்து, 1994 மே மாதம், பொதுத் தேர்தல். அதே ஆள் மறுபடி நின்றார். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு முந்தைய தடவையைவிட அதிக ஓட்டுத்தான் விழுந்தது. ஆனால் தோற்றார்! ஏனென்றால் போன தடவை வீட்டில் இருந்தவர்கள் இந்தத் தடவை வெளியே வந்தார்கள். அவர் ஓட்டு குறைந்ததால் அவர் தோற்கவில்லை. மற்றவர்கள் வந்ததால் தோற்றார். இதை என் மாணவி இரண்டு தரம் படிக்க வேண்டும்.

பிறகு 2010-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மேயரை நேரடியாக மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. லுத்ஃபுர் ரஹ்மான் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2014-இல் மறுபடி ஜெயித்தார். அந்தத் தேர்தலில் முறைகேடு என்று நான்கு சாதாரண வாக்காளர்கள் மனுப் போட்டார்கள். தேர்தல் நீதிமன்றம் விசாரித்து, 2015 ஏப்ரலில் தேர்தல் செல்லாது, ஐந்து வருஷம் அவர் நிற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அவர் மேல் குற்றவியல் வழக்கு எதுவும் வரவில்லை. தடைக்காலம் முடிந்தபின் 2022-இல் நின்று மறுபடி மேயர் ஆனார். யார் சரி, யார் தவறு என்பதில் அந்த ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான்கு வாக்காளர்கள் சேர்ந்தால் ஒரு தேர்தலையே கேள்வி கேட்கலாம் என்பதையும், கடைசி வார்த்தையை மறுபடியும் வாக்காளர்களே சொன்னார்கள் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள். உள்ளாட்சித் தேர்தல் என்றால் நிறம் நிறமாகச் சீட்டு, விரலில் மை, ராத்திரி வரை பெட்டிக்குக் காவல். வயதான பாட்டிகள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இங்கிலாந்தில் விரலில் மை கிடையாது. ஒரு வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை, பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்திலோ சமூகக் கூடத்திலோ போய், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இருந்தும் 2018-இலும் 2022-இலும் லண்டன் பரோ தேர்தல்களில் பத்துப் பேரில் நாலு பேர்கூட முழுசாக வரவில்லை.

லண்டனில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு உபயோகமான செய்தி. சட்டப்படி அங்கே குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் ஓட்டு உண்டு, கவுன்சில் தேர்தலிலும், நாடாளுமன்றத் தேர்தலிலும். ஆனால் முன்கூட்டியே பெயர் பதிந்திருக்க வேண்டும். 2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் படம் போட்ட அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டே போதும்.

கடைசியாக அந்தப் போன் செய்த பிள்ளைக்கு. அம்மா, நீ குப்பை அள்ளுற எலெக்‌ஷன் என்று சொன்னாய். சரிதான். குப்பை அள்ளுகிற பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் உன் ஊர் கவுன்சிலர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கை நீட்டி ரொட்டி வாங்கினவளுக்கும் ஓட்டு உண்டு என்று ஆன பிறகுதான் அப்படிப்பட்ட கவுன்சிலர்கள் வந்தார்கள். உன்னைப்போல் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களைத் துரத்த வேண்டும் என்றவர் 7 ஓட்டில் ஜெயித்ததும் உன் பரோவில்தான். என்னைப்போல் ஒரு வாத்தியாரம்மா 32 வயதில் உயிரை விட்டதும் அந்த ஊருக்காகத்தான்.

ஓட்டை யாருக்குப் போடுவது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ஆனால் வியாழக்கிழமை போய்விட்டு வா. வருகிற வழியில் பவ் சாலையில் அந்தக் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ, யார் அந்த அம்மா என்று அவர்களுக்கு நீ சொல்.

பதிவில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வகுப்பிலும் அப்படித்தானே இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகள் உங்கள் ஊர் கவுன்சிலரின் பெயரைக் கீழே எழுதுங்கள் பார்க்கலாம். தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு வந்து எழுதுங்கள். இது வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்